அசையாத பேட் அடியை எப்படி அளக்கிறது?

கணினியில் இசை வாசிக்க உதவும் மிடி கன்ட்ரோலர் ஒன்றின் மேல் நான்குக்கு நான்காகப் பதினாறு ரப்பர் சதுரங்கள், அதாவது பேடுகள், இருக்கின்றன. ஒன்றை விரல்நுனியால் லேசாகத் தட்டினால் கணினியிலிருந்து முரசொலி மெல்லக் கேட்கிறது. அதே சதுரத்தை ஓங்கித் தட்டினால் அறையே அதிர்கிறது. ரப்பரோ கண்ணுக்குத் தெரியும்படி இறங்கவே இல்லை. மின்னணுக் கீபோர்டில் இந்த வித்தையைப் புரிந்துகொள்வது எளிது. ஒவ்வொரு கட்டையின் அடியிலும் இரண்டு தொடுமுனைகள், ஒன்று சற்று மேலே, மற்றொன்று சற்றுக் கீழே. கட்டை இறங்கும்போது முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் போனது என்று சில்லு எண்ணுகிறது. தூரம் தெரியும், நேரம் தெரியும், ஆகவே வேகம் தெரிந்துவிடுகிறது. பேடில் இறங்குவதற்கு இடமே இல்லை. தூரம் இல்லாத இடத்தில் வேகத்தை எப்படி அளப்பது? அளப்பதில்லை என்பதே விடை. பேட் அளப்பது விசையை. வேகத்தை அது ஊகித்துக்கொள்கிறது. வீட்டில் பேட் செய்ய இறங்குகிறவர்கள் எந்த உணரி வாங்குவது என்பதிலேயே பணத்தையும் கவலையையும் செலவிடுகிறார்கள். ஆனால் பேடின் தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த ஊகம்தான்: விரல் பட்ட பின் வரும் சில மில்லிநொடிகளை எப்படிப் படிக்கிறோம், படித்த எண்ணை எப்படி ஒலியாக்குகிறோம் என்பது. சில ரூபாய் விலையுள்ள உணரியைக் கொண்டும் இதை நன்றாகச் செய்யலாம்.

முதலில், எந்த எண் தேவை என்று பார்ப்போம். மின்னணு இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ள 1983இல் வெளிவந்த மிடி என்ற பொது ஏற்பாட்டின்படி, ஒரு சுரம் தொடங்கும்போது மூன்றே மூன்று எண்கள் அனுப்பப்படுகின்றன. முதலாவது ‘தொடங்கு’ என்ற கட்டளை, இரண்டாவது எந்தச் சுரம், மூன்றாவது அடியின் வேகம். மூன்றாவது எண் 0 முதல் 127 வரை போகலாம். அதிலும் 0 வந்தால் ஒலியை நிறுத்து என்று பொருள், ஆக மிஞ்சுவது 127 படிகள். அந்த எண்ணைத் தரும் பேடுகள் படிப்படியாகத்தான் வந்தன. வடிவமைப்பாளர் ரோஜர் லின் 1980இல் வெளியிட்ட எல்எம்-1 தாளக் கருவியின் பொத்தான்களுக்கு அடியின் வலிமை தெரியாது. 1984இல் வந்த லின் 9000இன் பேடுகளுக்கு அது தெரிந்தது. அவர் அகாய் நிறுவனத்துக்காக வடிவமைத்து 1988இல் வெளியான எம்பிசி60, பதினாறு பேடுகளை நான்குக்கு நான்காக அடுக்கியது. இன்று வீட்டில் பேட் செய்பவர்களும் பெரும்பாலும் அந்த அமைப்பையே பின்பற்றுகிறார்கள். மூன்றாவது எண்ணை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மிடி கேட்பதே இல்லை. செய்பவருக்கு இதனால் கிடைக்கும் சுதந்திரம் பெரிது.

விரல் ரப்பரில் மோதும் கணத்தை விரித்துப் பார்க்கலாம். விசை பூச்சியத்தில் தொடங்கி ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, விரல் துள்ளி விலகும்போது மறுபடி பூச்சியத்துக்கு வருகிறது. இவ்வளவும் சில மில்லிநொடிகளில் முடிந்துவிடுகிறது. முள் ஓடும் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் ஒரு சிறுவன் குதிப்பதாக வைத்துக்கொள்வோம். அவன் கால் பட்ட கணத்திலேயே முள்ளைப் படித்தால் ஐந்து கிலோ காட்டும். முள் ஆடி அடங்கும் வரை காத்திருந்தால் அவனுடைய எடை தெரியும், எவ்வளவு வேகமாகக் குதித்தான் என்பது தெரியாது. குதித்த வேகம் வேண்டுமென்றால், முள் ஒரே ஒரு முறை ஓடித் தொடும் கடைசி எல்லையைப் பிடிக்க வேண்டும். பேடுக்கும் வேண்டியது அந்த எல்லை, அதாவது விசையின் உச்சம். மோதும் பரப்பு ஒரு நல்ல சுருள்வில்லைப் போல நடந்துகொண்டால் இயற்பியல் இரண்டு சலுகைகள் தருகிறது. ஒன்று, மோதும் பொருள் மாறாதவரை உச்ச விசை வேகத்துக்கு நேர்விகிதமாக இருக்கும். மற்றொன்று இன்னும் வியப்பானது. மெல்ல மோதினாலும் வேகமாக மோதினாலும் தொட்டிருக்கும் நேரம் ஒன்றேதான். ஊஞ்சல் கொஞ்சமாக ஆடினாலும் சற்று அதிகமாக ஆடினாலும் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய அதே நேரம் எடுப்பதன் காரணமே இங்கும் வேலை செய்கிறது. உண்மையான ரப்பரும் ஃபோமும் அழுந்த அழுந்தக் கெட்டிப்படுவதால் ஓங்கிய அடிகளில் இந்த நேரம் சற்றுக் குறையும். ஆயினும் உச்சத்தைப் பிடிக்க எவ்வளவு நேரம் கவனித்தால் போதும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட முடிகிறது.

விசையை மின்சாரமாக்க இரண்டு மலிவான வழிகள் உண்டு. முதலாவது பீசோ வட்டு. தமிழில் அழுத்தமின் வட்டு எனலாம். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைக்குள் ஒட்டியிருக்கும் மெல்லிய பித்தளைத் தகடும் அதன் மேலுள்ள வெள்ளைப் பூச்சும்தான் அது. சில படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றுகிறது என்று ஜாக் கியூரியும் பியேர் கியூரியும் 1880இல் கண்டார்கள். அடுப்பங்கரையில் ‘டக்’ என்று பொறி விடும் கேஸ் லைட்டருக்குள் இருப்பதும் இதே விளைவுதான். அங்கே ஒரு சிறு சுத்தி பீசோத் துண்டை அடித்து ஆயிரக்கணக்கான வோல்ட்டை எழுப்புகிறது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் பேடுக்கடியில் ஒட்டிய வட்டும் பலத்த அடிக்குப் பத்து, இருபது வோல்ட்டைத் தாண்டிவிடும். 5 வோல்ட்டில் இயங்கும் சில்லு அதைத் தாங்காது. அதனால்தான் வட்டுக்குக் குறுக்கே 5.1 வோல்ட் ஜீனர் டையோடு ஒன்றும் பத்து லட்சம் ஓம் மின்தடை ஒன்றும் வைக்கிறார்கள். அந்த மின்தடைக்குப் பாதுகாப்பைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. பீசோ விசையைச் சொல்வதில்லை, விசையின் மாற்றத்தைத்தான் சொல்கிறது என்று ஓர் ஆட்சேபம் எழுவதுண்டு. அது பாதி உண்மை. வட்டில் தேங்கும் மின்னேற்றம் அந்த மின்தடை வழியாகக் கசிகிறது. சாதாரண வட்டின் மின்கொண்மை 20 நானோஃபாரட் அளவில் இருக்கும். பத்து லட்சம் ஓம் வழியே மின்னேற்றம் கணிசமாகக் கசிய 20 மில்லிநொடி ஆகும். அடியோ சில மில்லிநொடிகளில் முடிந்துவிடுகிறது. அந்தக் குறுகிய நேரத்துக்குள் வட்டு விசையைத்தான் காட்டுகிறது. விரலைப் பேடிலேயே அழுத்தி வைத்திருந்தால்தான் அதன் பேச்சு நின்றுபோகிறது.

அழுத்தி வைத்திருப்பதையும் அறிய வேண்டுமென்றால் இரண்டாவது வழி: விசையுணர் மின்தடை. கடையில் வாங்கலாம், வீட்டிலும் செய்யலாம். கரித்தூள் கலந்த கறுப்பு பாலித்தீன் தாள் ஒன்று வெலோஸ்டாட் என்ற பெயரில் கிடைக்கிறது. நிலைமின்சாரம் பட்டுக் கெட்டுவிடாமல் மின்னணுப் பாகங்களைச் சுற்றி அனுப்ப உண்டான தாள் அது. இரண்டு செம்புப் பட்டைகளுக்கு நடுவே அதை வைத்து அழுத்தினால் தொடும் பரப்பு கூடி மின்தடை இறங்குகிறது. தொடாதபோது மிக அதிகம், விரல் படும்போது சில ஆயிரம் ஓம், ஓங்கி அடிக்கும்போது சில நூறு ஓம். இதன் மீதுள்ள பழி நியாயமானதுதான்: ஒரே எடையை வைத்தாலும் நேரம் போகப் போக அளவு நழுவும், ஏறும்போது ஓர் எண்ணும் இறங்கும்போது வேறோர் எண்ணும் காட்டும், ஒரே தாளில் வெட்டிய இரண்டு துண்டுகள்கூட ஒத்துப்போகாது. தராசு செய்ய இது உதவாது. பேட் செய்ய உதவும். காரணம், நமக்கு வேண்டியது அடிக்குச் சற்று முன்பிருந்த அமைதி நிலைக்கும் அடியின் உச்சத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. நிமிடக்கணக்கில் நழுவும் பிழையால் சில மில்லிநொடிகளுக்குள் எதுவும் செய்துவிட முடியாது. இறங்கும்போது காட்டும் எண்ணை நாம் பார்ப்பதே இல்லை.

உணரியைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் அதனோடு சேர்க்கும் மின்தடை. விசையுணர் மின்தடையோடு 10,000 ஓம் ஒன்றைத் தொடராக இணைத்து, நடுவிலுள்ள மின்னழுத்தத்தைப் படிப்பது வழக்கம். உணரி 1,000 ஓமுக்கு இறங்கும்போது மொத்த மின்னழுத்தத்தில் 91 சதவீதம் வந்துவிடுகிறது. இன்னும் பலமாக அடித்து 250 ஓமுக்குக் கொண்டுபோனாலும் 98 சதவீதத்தைத் தொடுவதில்லை. விசை பல மடங்கு கூடியும் எண் சற்றே அசைகிறது. இதைப் பார்த்துத்தான் ‘இந்த உணரிக்கு மெல்லிய அடி, பலத்த அடி வித்தியாசமே தெரியவில்லை’ என்று பலரும் தூக்கி எறிகிறார்கள். 10,000 ஓமை எடுத்துவிட்டு 1,000 ஓம் வைத்தால் அதே இரண்டு நிலைகளும் 50 சதவீதமும் 80 சதவீதமுமாகப் பிரிந்து நிற்கின்றன. மெல்லிய அடிகளில் கொஞ்சம் கூர்மை போகும், அவ்வளவுதான். மாற்றியது மலிவான ஒரு மின்தடையை மட்டுமே.

இனி உச்சத்தைப் பிடிக்கும் வேலை. ஆர்டுயினோ ஊனோ போன்ற சில்லுப் பலகை மின்னழுத்தத்தை ஒரு முறை படித்து எண்ணாக்க ஏறக்குறைய 100 மைக்ரோநொடி எடுக்கிறது. பதினாறு பேடுகளையும் 4067 போன்ற தேர்வுச் சில்லு வழியாக ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தால் ஒரு சுற்றுக்கு 1.6 மில்லிநொடிக்கு மேல் ஆகிவிடும். கடினமான பரப்பின் மேல் விழும் அடி இரண்டு மில்லிநொடியில் முடிந்துவிட்டால், நம் கைக்கு ஒரு படிப்போ இரண்டோதான் கிடைக்கும். அது ஏற்றத்தில் விழுந்ததா, உச்சத்தில் விழுந்ததா, இறக்கத்தில் விழுந்ததா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஒரே மாதிரி அடித்தும் எண்கள் 40, 95, 62 என்று தாவினால் உணரியின் மேல் குற்றமில்லை, நாம் பார்த்த நேரம்தான் தவறு. தீர்வுகள் மூன்று பக்கத்திலிருந்து வரும். நொடிக்கு ஐந்து லட்சம் முறை படிக்கக்கூடிய ஆர்பி2040 போன்ற சில்லுக்கு மாறலாம். ஒரு டையோடும் சிறு மின்தேக்கியும் சேர்த்து உச்ச மின்னழுத்தத்தைக் கொஞ்ச நேரம் தேக்கிவைக்கலாம். அல்லது பேடுக்கும் உணரிக்கும் நடுவே மென்மையான ஃபோம் வைத்து அடியையே நீட்டிவிடலாம். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மென்மை கூடினால் தொடும் நேரம் நீள்கிறது, கணினி செய்ய வேண்டிய அவசர வேலையை ஒரு துண்டு ஃபோம் செய்துவிடுகிறது. அளவுக்கு மீறினால் விரலுக்குச் சொதசொதவென்று இருக்கும், மெல்லிய அடிகளை ஃபோமே விழுங்கிவிடும்.

ஆக நிரல் செய்ய வேண்டியது இது. அமைதி நிலையிலிருந்து எண் ஒரு தொடக்க வரம்பைத் தாண்டியதும் கடிகாரத்தை ஓடவிட்டு, இரண்டு அல்லது மூன்று மில்லிநொடி கவனித்து, அதற்குள் வந்த மிகப் பெரிய எண்ணை உச்சமாகக் கொள்ள வேண்டும். இதைக் கவனிப்பு நேரம் என்போம். உடனே எழும் ஆட்சேபம்: வாசிப்பவர் தட்டியதும் ஒலி வர வேண்டாமா, வேண்டுமென்றே தாமதிக்கலாமா? மூன்று மில்லிநொடியில் ஒலி காற்றில் ஒரு மீட்டர் தூரம் போகும். ஒலிபெருக்கியை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் வருகிற தாமதம்தான் இது. பழைய மிடி கம்பி வழியே மூன்று எண்கள் போகவே, நொடிக்கு 31,250 பிட் என்ற கணக்கில், ஒரு மில்லிநொடி ஆகிறது. கணினி நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வீதத்தில் 256 மாதிரிகளைச் சேர்த்துவைத்து ஒலித்தால் அதற்கு மட்டும் 5.8 மில்லிநொடி. இவற்றின் நடுவே கவனிப்பு நேரம் பெரிய குற்றவாளி அல்ல. தாமதத்தைவிடத் தாமதத்தின் ஏற்ற இறக்கமே தாளத்தைக் கெடுக்கும். உச்சம் வந்ததுமே அனுப்பிவிடுவோம் என்று அவசரப்பட்டால், அடிக்கு அடி உச்சம் வரும் நேரம் மாறும், ஒரு தட்டு முந்தியும் ஒன்று பிந்தியும் ஒலிக்கும். கவனிப்பு நேரத்தை மாறாமல் வைத்தால் எல்லா அடிகளும் ஒரே அளவு பிந்துகின்றன. அந்த ஒரே அளவுக்கு வாசிப்பவரின் கை பழகிக்கொள்ளும்.

நாம் பிடித்த உச்சம் உண்மையிலேயே வேகத்தைப் பின்தொடர்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்க ஓர் அருமையான வழி உண்டு. தெரிந்த வேகத்தில் அடிக்க ஒரு கோலிக்குண்டு போதும். விழும் பொருளின் வேகம் இரட்டிப்பாக உயரம் நான்கு மடங்காக வேண்டும் என்பது கலிலியோ காலத்திலிருந்து தெரிந்த செய்தி. 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் குண்டு நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் மோதும். 20 சென்டிமீட்டரிலிருந்து 2 மீட்டர், 45இலிருந்து 3, 80இலிருந்து 4. ஓர் அளவுகோலைச் சுவரில் சாய்த்தால் நம் ஆய்வுக்கூடம் தயார். ஒவ்வோர் உயரத்திலிருந்தும் பலமுறை விட்டு எண்களைக் குறித்துக்கொண்டால் மூன்று விஷயங்கள் தெரியவரும். நான்கு உயரங்களின் எண்களும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற விகிதத்தை ஒட்டிப் போகின்றனவா, அல்லது மேலே போகப் போகத் தட்டையாகின்றனவா என்பது மின்சுற்றின் குணத்தைக் காட்டும். ஒரே உயரத்தில் எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பது நம் படிப்பின் நம்பகத்தைக் காட்டும். நடுவில் விடுவதற்கும் மூலையில் விடுவதற்கும் உள்ள வித்தியாசம் பேடின் கட்டுமானத்தைக் காட்டும். கண்ணாடிக் குண்டு விரல் அல்ல, அது கடினமானது, தொடும் நேரமும் குறைவு என்பது உண்மையே. ஆகவே விரலுக்கான இறுதி அளவை இது தராது. ஆனால் பதினாறு பேடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. மனிதக் கையால் ஒரே வலிமையில் இருமுறை தட்ட முடியாது, குண்டால் முடியும். 127 படிகள் போதுமா, 2020இல் வந்த மிடி 2.0 தரும் 65,536 படிகள் வேண்டுமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஒரே உயரத்திலிருந்து விட்ட குண்டின் எண்களே ஐந்து படி சிதறும்போது, படிகளை இன்னும் நுண்ணியதாக வெட்டுவதில் பயனில்லை.

சிலர் வேறு வகையில் மறுப்பார்கள்: ஊகம் எதற்கு, ஒளிக்கற்றையோ இரட்டைத் தொடுமுனையோ வைத்து விரலின் உண்மையான வேகத்தையே அளந்துவிடலாமே. அளக்கலாம். ஆனால் வாசிப்பவர் நினைத்தது அதில் முழுவதும் வராது. விரலை மட்டும் சுண்டித் தட்டுவதும் முன்கையின் கனத்தோடு தட்டுவதும் ஒரே வேகத்தில் நடக்கலாம், தோல் முரசில் இரண்டும் ஒன்றாக ஒலிக்காது. உச்ச விசைக்குள் வேகத்தோடு மோதும் பொருளின் கனமும் கலந்தே வருகிறது. கனம் கூடிய அடிக்குப் பெரிய எண் கிடைக்கிறது. நகத்தால் தட்டினால் சதையால் தட்டுவதைவிடப் பெரிய எண் வருவதும் இதனால்தான், அங்கே கடினம் கலக்கிறது. இதை அளவியல் நோக்கில் பிழை என்று சொல்லலாம். தாளம் வாசிப்பவரின் நோக்கில் அவர் கை எதிர்பார்ப்பதற்கு நெருக்கமான விடை இது என்பதே என் வாதம்.

உச்சம் கிடைத்துவிட்டால் அது ஒலியளவாக வேண்டும். அதற்கு நேர்க்கோடு பெரும்பாலும் பொருந்தாது. மின்சுற்று முன்னமே ஒரு வளைவைச் சேர்த்திருக்கிறது, ஒலியெழுப்பும் மென்பொருள் இன்னொன்றைச் சேர்க்கும். 64 என்ற எண் இவ்வளவு சத்தம் என்று மிடி எங்கும் வகுக்கவில்லை. கணினி இசை ஆய்வாளர் ரோஜர் டானன்பெர்க் 2006இல் பல ஒலியாக்கிகளை ஒப்பிட்டு, ஒரே வேக எண்ணுக்கு அவை தரும் ஒலியளவு பெரிதும் வேறுபடுவதைக் காட்டினார். காதும் விகிதங்களைத்தான் கேட்கிறது. 10 டெசிபல் கூடினால் சத்தம் இரட்டித்ததாகத் தோன்றுகிறது, ஒலியின் ஆற்றலோ பத்து மடங்காகியிருக்கும். எனவே உச்ச எண்ணை வைத்து வேக எண்ணைத் தேடிக்கொள்ளும் அட்டவணை ஒன்றைச் சில்லின் நினைவகத்தில் எழுதிவைப்பதே நல்லது. இதைச் சரிக்கட்டும் வளைகோடு எனலாம். ஒவ்வொரு பேடுக்கும் தனித்தனியே எழுதலாம். வெலோஸ்டாட் துண்டுகள் ஒன்றுபோல் இல்லையே என்ற குறையும் இங்கே தீர்ந்துவிடுகிறது. கடையில் வாங்கும் கன்ட்ரோலரைவிடக் கைவேலை பின்தங்க வேண்டியதில்லை என்று நான் நம்புவதற்கு முக்கியக் காரணம் இந்த அட்டவணைதான். அதை நம் விரலுக்கும் நம் மென்பொருளுக்கும் ஏற்ப எழுதலாம்.

அட்டவணையால் தீராதது ஒன்று உண்டு. பேடின் நடுவில் பீசோவை நேரடியாக ஒட்டினால் நடுவில் பட்ட மெல்லிய அடியும் மூலையில் பட்ட பலத்த அடியும் ஒரே எண்ணைத் தரும். அடி எங்கே பட்டது என்று சில்லுக்குத் தெரியாததால் எந்த நிரலும் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. இங்கே கைத்திறன்தான் கைகொடுக்க வேண்டும். பீசோவை விறைப்பான சிறு தகட்டின் அடியில் ஒட்டி, தகட்டை ஃபோமின் மேல் மிதக்கவிட்டால் விசை பரவிவிடுகிறது. விசையுணர் தாள் என்றால் பேடின் முழு அகலத்துக்கும் வெட்ட வேண்டும். தொழிற்சாலை வார்ப்புக்குக் கையால் செய்ததைவிட இயல்பான அனுகூலம் இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான். பீசோவைத் தேர்ந்தெடுத்தவர்கள் பக்கத்துப் பேடுகளின் அதிர்வையும் கவனிக்க வேண்டும். ஒரே மரப்பலகையில் எல்லாவற்றையும் திருகினால் ஒன்றைத் தட்ட நான்கு ஒலிக்கும். ஒவ்வொரு தகட்டுக்கும் தனி ஃபோம் கொடுத்தாலே பெரும்பகுதி அடங்கும். மிச்சத்துக்கு, ஒரே நேரத்தில் பல பேடுகள் எழும்போது மிகப் பெரிய எண்ணை மட்டும் நம்பி, அதைவிட மிகச் சிறியவற்றைத் தள்ளிவிடும்படி நிரலில் எழுதலாம்.

கடைசியாக நிற்பது அடி முடிந்த பின் வரும் நடுக்கம். பீசோ வட்டு மணியைப் போல அதிர்ந்து அடங்குவதால் ஒரு தட்டு மூன்றாகக் கேட்கும். ஒலியை அனுப்பிய பின் 20, 30 மில்லிநொடிக்கு அந்தப் பேடைப் பார்க்காமலே இருப்பது எளிய வழி, அதற்குப் பாராமுக நேரம் என்று பெயரிடலாம். நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் நான்கு தட்டுகளாகப் பிரித்து வாசித்தாலும் தட்டுக்குத் தட்டு 75 மில்லிநொடி இருப்பதால் இது பெரும்பாலும் போதும். இரு விரலால் ஒரே பேடில் அடுத்தடுத்து விழும் இரட்டைத் தட்டு மட்டும் இதில் காணாமல்போகும். அதற்கு மாற்றாக, தொடக்க வரம்பையே உச்சத்துக்கு அருகே உயர்த்திவிட்டு, நடுக்கம் அடங்கும் வேகத்தில் மெல்ல இறக்கலாம். அதைத் தாண்டி எழுவது புதிய தட்டு, தாண்டாதது பழைய நடுக்கம். பலத்த தட்டை உடனே தொடரும் மெல்லிய தட்டு நடுக்கத்துக்குள் புதைந்திருந்தால் இந்த முறையாலும் அதைத் தோண்டி எடுக்க முடியாது. வெலோஸ்டாட் அப்படி மணியாக அதிர்வதில்லை. மெல்லிய உருட்டல்களை அதிகம் வாசிப்பவர் பீசோவை விட்டு அந்தக் கறுப்புத் தாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.